விசாரிக்க வருகிறவர்

ஆச்சி படுக்கையில் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை, வெயில் தாழும் முன்னே ஐயர் வந்தார். கையில் ஒரு கறுப்புத் தோல்பை. நேரே பின்வாசலுக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு கைகழுவினார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அமிர்தாஞ்சன் புட்டியும் மாத்திரை அட்டைகளும் கிடந்தன. அவற்றை அவரே ஒதுக்கி வைத்துவிட்டு, பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து விரித்தார். விரல் உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம், மூடி போட்ட சின்னத் தட்டு, மருந்துப் புட்டி அளவில் திராட்சரசம். ஆச்சியால் விழுங்க முடியாது என்று அம்மா சொன்னதும், அப்பத்தைக் கடுகளவு கிள்ளி, ரசத்தில் தோய்த்து, நாக்கில் வைத்தார்.

ஜெபம் முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "ஆச்சி, செவலை கன்னு போட்டுட்டா?" என்று கேட்டார். ஆச்சிக்கு அன்றைக்கு என்று இல்லை, ஒரு வாரமாகவே பேச்சு இல்லை. மெல்ல வாயைத் திறந்து, "கிடேரி ஐயா" என்றாள். முந்தின தடவை அவர் வந்தபோது பசு சினையாக இருப்பதை ஆச்சி சொல்லியிருக்கிறாள். எட்டு ஊர் கொண்ட சேகரத்தில் அவர் அதை ஞாபகம் வைத்திருந்தார்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் என்னிடம், "சர்ச் பாஸ்டருக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், அப்புறம் கல்யாணம், சாவு, அவ்வளவுதானே?" என்று கேட்பதுண்டு. சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் அதற்கு மேல் தெரியாது. எனக்கு அந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வரும். திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளை வைத்தே இந்த வேலையைச் சொல்லிப் பார்க்கிறேன். நான் அறிந்தது அதுதான்.

முதலில் பெயர். எங்கள் பக்கம் சபைத் தலைவரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்று. வெளியூர்க்காரர்கள் இதைச் சாதிப் பெயர் என்று நினைத்துக் குழம்புவார்கள். ஐயன், ஐயா என்ற மரியாதைச் சொல்லிலிருந்து வந்தது இது. தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்தே மிஷனரிகளை மக்கள் ஐயர் என்று அழைத்திருக்கிறார்கள். ஜி.யு. போப் இன்றைக்கும் போப்பையர்தான். எழுத்தில் 'சேகர குருவானவர்' என்று வரும், சென்னைப் பக்கம் 'ஆயர்' என்பார்கள். ஆயர் என்றாலும் மேய்ப்பர் என்றாலும் பொருள் ஒன்றே, ஆடு மாடு மேய்ப்பவர். கத்தோலிக்கரிடம் அவர் பங்குத்தந்தை, பேச்சில் சாமி. பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர்.

இத்தனை பெயர்கள் இருந்தாலும், அவர் செய்யும் வேலைக்கு எங்கள் சபைத் தமிழில் ஒரு சொல் உண்டு: விசாரிப்பு. ஊர்ப் பேச்சில் விசாரிப்பது என்றால், எதிரில் வருகிறவரை நிறுத்தி "சௌக்கியமா, பிள்ளைகள் நல்லா இருக்காங்களா" என்று கேட்பது. நம் பழைய தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தாளுகிறது. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வருகிறது. சபைக் கண்காணிக்கு இருக்கவேண்டிய தகுதிகளைப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை "எப்படி விசாரிப்பான்" என்று கேட்கிறார். ஆளுவான், நடத்துவான் என்ற சொற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் மொழிபெயர்த்தவர்கள் இதைத் தேர்ந்திருக்கிறார்கள். ஒரு ஐயர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு சொல்லே போதும்.

ஐயர் ஆவது எப்படி? தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கியச் சபையும் ஒன்றுசேர்ந்தன. இந்தச் சபையில் ஊழிய நிலைகள் மூன்று: டீக்கன் எனப்படும் உதவிகுரு, குருவானவர், பிஷப் எனப்படும் பேராயர். ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மட்டும் போதாது. ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் அமைப்பான திருமண்டலம் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு இறையியல் படிப்பு. தெற்கே பலர் படிப்பது மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில். எபிரேயம், கிரேக்கம், சபை வரலாறு, பிற சமயங்கள், ஆற்றுப்படுத்தும் முறை என்று பல வருடப் படிப்பு. முடித்து வந்ததும் முதலில் டீக்கன் ஆவார். குருப்பட்டத்தின்போது பேராயரும் கூடியிருக்கும் குருமாரும் அவர் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள், கையில் வேதாகமம் கொடுப்பார்கள்.

டீக்கனுக்கும் குருவானவருக்கும் உள்ள வேறுபாடு வெளியே பார்த்தால் சின்னதாகத் தெரியும், கிராமத்தில் அது பெரிய விஷயம். டீக்கன் பிரசங்கம் செய்யலாம், ஆராதனை நடத்தலாம். அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதித்துத் திருவிருந்து நடத்த முடியாது, பாவமன்னிப்பு கூற முடியாது. குருப்பட்டம் இல்லாமல் ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாராலும் முடியாது. பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு சேகரம், அதற்கு ஒரே ஐயர். அதனால் ஒவ்வோர் ஊருக்கும் திருவிருந்து முறைவைத்துத்தான் வரும். ஞாயிறு அதிகாலையில் ஓர் ஊர், ஒன்பது மணிக்கு இன்னொன்று, சாயங்காலம் மூன்றாவது என்று அவர் மோட்டார் சைக்கிளில் சுற்றுவார், அங்கி மடிக்கப்பட்டுப் பைக்குள் இருக்கும். மற்ற நாட்களில் சபையைத் தாங்குவது உபதேசியார்தான். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சபையில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முதலில் தெரிவது அவருக்கு, அவர் மூலம்தான் ஐயருக்கு.

அந்தக் கிண்ணத்தை யார் கையிலிருந்து வாங்குவது என்பதிலேயே எங்கள் சபையின் பழைய காயம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் புரொட்டஸ்டன்ட் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆரோன். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர், 1718இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். கிராமம் கிராமமாக நடந்து சபைகளைப் பார்த்துவந்த அவர் 1745இல் இறந்துபோனார். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். தஞ்சாவூரில் படைவீரராக இருந்தவர், அஞ்சாத ஊழியக்காரர். பறையர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்கள் என்று மிஷனரிகள் அவருக்குக் குருப்பட்டம் தரத் தயங்கினார்கள். கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். நூறு வருடம் கழித்து, 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அறவே விட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது.

இதைப் பழங்கதை என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் ஓர் ஐயரை மாற்றுவதற்குப் பின்னால் அவர் எந்தச் சமூகம் என்ற கணக்கு ஓடுகிற ஊர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. அந்தச் சுவரைப் பற்றிப் பேசுவது ஐயரின் பொறுப்பா என்று கேட்டால், அவர் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது என்றுதான் நான் கேட்பேன். அவர் ஒரே கிண்ணத்தை எல்லோர் வாயிலும் வைக்கிறவர்.

பிரசங்கம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் தலைப்பும் வேதபாடங்களும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும், அதை வைத்து அவர் தயாரித்து வருவார். நல்ல குரல், நல்ல தமிழ் எல்லாம் இருந்தால் சந்தோஷம். ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம் உடனே தெரிந்துவிடும்: வாரத்தில் வீடு சந்தித்தவரா, சந்திக்காதவரா என்பது. மழை பொய்த்து வாழை கருகின வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வந்தவர், ஞாயிற்றுக்கிழமை "கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துப் பெருகப்பண்ணுவார்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போகமாட்டார். மூன்றாவது பெஞ்சில் அந்த வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிடுவார்.

பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம், பதிவேடு. ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என்று தனித்தனிப் பெரிய புத்தகங்கள் ஐயர் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கும். கிளாரிந்தா என்ற விதவை பாளையங்கோட்டையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1778இல். அங்கே 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு அந்த 40 பெயர்களிலிருந்து எழுதப்படுகிறது. பெயரை எழுதி வைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்த மனிதர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இன்றைக்கு அந்தப் புத்தகம் சட்டச் சாட்சியும்கூட. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதி நிலை உண்டு. கிறிஸ்தவரான தலித் மக்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவு அந்தத் தீர்ப்பில் முக்கியச் சான்றாக இருந்தது. இது கிராமத்து ஐயரின் மேசைவரை வந்துவிடுகிற விஷயம். "ஐயா, ஞானஸ்நானம் கொடுங்க, பேரை மட்டும் புத்தகத்துல எழுதாதீங்க" என்று ஒரு தகப்பன் வந்து நின்றால் அவர் என்ன செய்வது? எழுதாமல் விட்டால் பதிவேடு பொய்யாகும். எழுதினால் அந்தப் பிள்ளையின் கல்லூரி இடம் போகலாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிற ஐயரை நான் பார்த்திருக்கிறேன். ஒரே சாதியின் கொடுமையை அனுபவிக்கிற இருவருக்கு மதத்தை வைத்து வேறு வேறு நிலை கொடுத்தது சட்டம், அதன் பாரம் ஏறுவது இவர் மேசையில்.

திருமணத்திலும் சட்டம் அவர் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். யார் திருமணம் நடத்தலாம் என்று அதன் 5ஆம் பிரிவு வகுக்கிறது. பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் பெற்றவர்கள் ஒரு வகை, அரசின் உரிமம் பெற்ற ஊழியர்கள் இன்னொரு வகை. அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் 68ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் திருமணம் நடக்க வேண்டும். பெண்வீட்டார் வேன் வழியில் நின்று போய்விட்டால், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஐயர் ஏன் பதறுகிறார் என்பது இப்போது புரியும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் அரசுப் பதிவாளரிடமும் பதிய வேண்டும். கோவில் புத்தகத்தில் (சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம்) கையெழுத்துப் போட்டதோடு முடிந்தது என்று நினைத்து, பிறகு அரசுச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் பலர்.

திருமணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்ற அறிவிப்பு. அந்த மூன்று வாரத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாக உட்காரவைத்து, "உனக்குச் சம்மதம்தானா?" என்று அம்மா அப்பா இல்லாத இடத்தில் கேட்கிற ஐயர் இருக்கிறாரே, அவர் சட்டம் கேட்பதைவிட அதிகம் செய்கிறார். அந்த ஒரு கேள்வியால் நின்ற கல்யாணம் ஒன்று எனக்குத் தெரியும். ஊர் அவரைத் திட்டியது. அந்தப் பெண் இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

சாவு வீட்டுக்கு அவர் எந்நேரமும் போக வேண்டும். கல்லறையில் "மண்ணுக்கு மண்ணாகவும், சாம்பலுக்குச் சாம்பலாகவும், தூளுக்குத் தூளாகவும்" என்று மூன்று கை மண் போடுவது எல்லோரும் பார்ப்பது. இதில் ஒரு கடினமான இடம் உண்டு. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம், தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்க ஆராதனையை மறுக்கிறது. அந்தப் பழக்கத்தின் நிழல் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. மணி அடிக்கலாமா, கோவிலுக்குள் கொண்டுபோகலாமா என்று பெரியவர்கள் வாசலில் நின்று முணுமுணுப்பார்கள். பூச்சிமருந்து குடித்துச் செத்துப்போன பையனின் தாய் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் ஐயர் அங்கியைப் போட்டுக்கொண்டு, "தூக்குங்கள், கோவிலுக்குப் போகலாம்" என்று சொன்னால் அந்த வாசல் அமைதியாகிவிடும். அவருடைய அதிகாரம் எதற்கு என்பதை அன்றைக்குப் பார்க்கலாம். அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து, உறவினர் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு, அவர் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகிறாரா என்பது அதைவிடப் பெரியது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பதுதான் சிக்கல். சேகரக் கமிட்டிக்கு அவர் தலைவர். பல சேகரங்களில் துவக்கப்பள்ளிப் பொறுப்பும் அவரிடம் வந்து சேரும். கோவில் கட்டடம், கடை வாடகை, நிலத் தகராறு, சங்க காணிக்கை வசூல், திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகை, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக் கணக்கு, அறுப்பின் பண்டிகை ஏலம். சபைத் தேர்தல் வந்துவிட்டால் பேசவே வேண்டாம். இரண்டு அணியாக ஊர் பிரிந்து, இந்த வீட்டுக்கு ஐயர் போனால் அந்த அணி, அந்த வீட்டுக்குப் போனால் இந்த அணி என்று கணக்கெடுப்பார்கள். நான் அறிந்த ஒரு சேகரத்தில், ஒரு தேர்தல் வருடம் முழுக்க ஐயர் வீடு சந்திப்பையே நிறுத்திவிட்டார். பயம்தான் காரணம். அந்த வருடம் படுக்கையில் கிடந்தவர்களை யாரும் விசாரிக்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சபை தொடங்கிய கொஞ்ச நாளில் அதற்குள் எழுந்த முறுமுறுப்பு, தங்கள் விதவைகள் "அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை" என்பது. அப்போஸ்தலர் அதற்கு என்ன செய்தார்கள்? பந்திவிசாரணைக்கு ஏழு பேரைச் சபையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். வாடகை வசூலும் கட்டடக் கணக்கும் படித்த, ஓய்வுபெற்ற சபையார் செய்யக்கூடிய வேலைகள்தான். வங்கியில் வேலை பார்த்தவர், தலைமை ஆசிரியராக இருந்தவர் என்று சேகரத்துக்கு நாலு பேர் கட்டாயம் இருப்பார்கள். பிரச்சினை, கணக்கைக் கொடுத்தால் அதிகாரமும் போய்விடும் என்று சில ஐயர்மாரும் நினைப்பது. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதில் அவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கையால் நோயாளியின் கையைப் பிடிக்க முடிவதில்லை.

நம்பிச் சொல்லப்படுவதை வெளியே விடாமல் காப்பது இந்த வேலையின் பெரிய பகுதி. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத் தொட்டி எங்கள் கோவிலில் இல்லை, ஆனாலும் ஐயர் காதில் விழாத குடும்பக் கதை இல்லை. அதற்கு எல்லையும் உண்டு. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். எவரும் என்றால் குருவானவரும்தான். "சபை பெயர் கெட்டுவிடும், ஜெபம்பண்ணுவோம்" என்று மூடிவைத்தால் அது குற்றம். அடிவாங்கி வந்து நிற்கும் மனைவியிடம் "பொறுத்துப்போ மகளே" என்று திருப்பி அனுப்புவதையும் நான் இதோடு சேர்த்தே சொல்வேன். மன்னிப்பைப் போதிக்கிறவர், முதலில் அவள் இன்று இரவு எங்கே தூங்குவாள் என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெண் குருமாரின் வருகை எவ்வளவு தேவை என்று புரிகிறது. சி.எஸ்.ஐ.யில் முதல் பெண் குருவானவராகப் பட்டம் பெற்றவர் எலிசபெத் பால். 2013இல் புஷ்ப லலிதா நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார், அவர்தான் இந்தச் சபையின் முதல் பெண் பேராயர். அதற்கு முன்பும் பின்பும் பெண்களின் கண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தது ஐயரம்மாதான். பட்டம் இல்லை, சம்பளம் இல்லை. பெண்கள் ஐக்கியச் சங்கம், ஓய்வுநாள் பள்ளி, நடுராத்திரி கதவைத் தட்டும் பெண் என எல்லாம் அவர் தலையில். ஊரில் யார் வீட்டுப் புடவையையும் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், ஐயரம்மா புடவையைக் கவனிப்பார்கள்.

சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும், சிநேகிதர்கள் மாறுவார்கள். சொந்த வீடு என்று ஒன்று பலருக்கு ஓய்வுபெறும் நாளில் இருக்காது. இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கன் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா இப்படி ஒரு வீட்டில் பிறந்தவர்தான். வெள்ளாளன்விளையில் 1874இல், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்து, 1912இல் பேராயரானார். ஐயர் வீட்டுப் பிள்ளைகள் என்ற ஒரு தனி வகையே உண்டு. வீட்டு வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதே சமயம் ஐயருக்கு உடம்பு சரியில்லை என்றால், அவர் மனம் சோர்ந்து கிடந்தால், அவரை யார் விசாரிப்பது? எல்லார் வீட்டிலும் ஜெபித்தவர் வீட்டில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள் எத்தனை பேர்? இதைச் சபையார் தங்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சுயாதீன சபைகளின் பாஸ்டர்களை ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விடக்கூடாது. அவர்களுக்கு மாற்றல் இல்லை, திருமண்டலம் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தையும் காணிக்கையையும் நம்பி, வாடகை வீட்டு மாடியில் பத்துப் பேரோடு தொடங்கியவர்கள். இலங்கையில் 1924இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் திருமணமே செய்யாமல், வெள்ளை உடுத்தி, விசுவாச வீட்டில் ஒன்றாக வாழ்பவர்கள். வீடு தேடிப் போவதில் இந்தச் சபைகளின் பாஸ்டர்கள் பலர் எங்கள் ஐயர்மாரை மிஞ்சுவார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சபையிலிருந்து அங்கே போனவர்களிடம் காரணம் கேட்டால், உபதேசத்தைச் சொல்கிறவர்கள் கொஞ்சம். "ஆஸ்பத்திரியில் கிடந்தப்ப அவர்தான் வந்தார்" என்று சொல்கிறவர்கள் அதிகம். அவர்களுக்கு இல்லாதது, தப்பு செய்தால் தட்டிக்கேட்க மேலே ஒருவர். கணக்குக் கேட்க ஒரு கமிட்டியும் பெரும்பாலும் இருக்காது. நான் மேலே குறைசொன்ன அதே கமிட்டிதான்.

ஆச்சி அந்த மாதமே போய்விட்டாள். ஐயர்தான் அடக்கம் செய்தார், அடக்கப் பதிவேட்டில் பெயரும் வயதும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கோடையில் அவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது பதிவேடுகள், சாவிகள், பாஸ்புக் எல்லாவற்றையும் புது ஐயரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்திருக்கிறார். அதோடு, கணக்கில் வராத ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்திருக்கிறார். தெருவாரியாக வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி.

புது ஐயர் இரண்டாவது வாரமே உபதேசியாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். நோட்டை மடியில் வைத்திருந்தார், நான் பக்கத்தில் நின்றதால் எங்கள் வீட்டு வரி கண்ணில் பட்டது. மறைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரிந்த நாலு வார்த்தைதான்: 'மூத்த மகன் சென்னை. வருவதில்லை.' ஆச்சியின் அடக்கத்துக்குக்கூடப் பெரிய மாமா வரவில்லை. நிலம் பிரித்ததில் வந்த சண்டை, பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

புது ஐயர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அண்ணன் நம்பர் இருக்காம்மா?" என்று கேட்டார்.